வராத இரண்டாவது கோடு

அத்தியாயம் பதினான்கு

கேப்டனுக்கு இடது கால் முறிந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் கணவர் பல்லுக்காரர் கண்ணை மூடி நான்கு மாதம். இந்த இரண்டு துக்கமும் தனித்தனி என்றுதான் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நூலில் கோத்தவை என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி கேப்டன். இன்னொருவர் அவள் தம்பி, குளிர்பெட்டி ரிப்பேர் செய்யும் மாமா.

கேப்டன் என்பது பேருந்துப் பணிமனை வைத்த பெயர். பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் ஹாரனை அழுத்தினால் பக்கத்து ஊர் ரயில்கூட ஒதுங்கி நின்று வழிவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவள் தன் வண்டியின் படியிலேயே வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே இடது கால் எலும்பு இரண்டாகப் போனது. கிளட்ச் மிதிக்கிற கால். ஒரு தகடும் ஒன்பது திருகாணிகளும் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். எட்டு மாதம் ஆகியும் அந்த இரண்டு துண்டுகளும், கல்யாணத்தில் சண்டை போட்ட சம்பந்திகளைப் போல, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கின்றன.

அடுத்த வாரம் இரண்டாவது அறுவை சிகிச்சை. இடுப்பிலிருந்து எலும்பைச் சுரண்டி எடுத்து அந்த இடைவெளியில் வைக்கப் போகிறார்கள். கூடிவிட்டால் அவள் மறுபடியும் ஓட்டுநர் இருக்கையில் ஏறலாம். கூடாவிட்டால் பணிமனையின் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால், முக்காலியில்.

அதற்கு முந்தைய பரிசோதனை இன்று.

காலை ஏழு மணிக்கே மகள் அவளைக் கூப்பிட்டாள். மகளுக்கு வீட்டில் விசில் என்று பெயர். நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். தூங்கும்போதும் கழற்றமாட்டாள் என்று மாமா சத்தியம் செய்வார்.

"அம்மா, இங்க வா. ஒரு நிமிஷம்."

கேப்டன் ஊன்றுகோலில் தத்தித் தத்திப் பல்லுக்காரரின் வேலை அறை வாசலுக்கு வந்தாள். பல்லுக்காரர் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுக்கிறவர். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்கப் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். நானூறு வாய்கள் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் அறை. கடன் கேட்டு வந்தவன்கூட அந்த அறையைப் பார்த்தால் கேட்காமலே திரும்பிவிடுவான்.

விசில் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். குளத்தில் இரண்டு நிமிடம் அடக்குகிற மூச்சு அது.

"மோந்து பாரு. இன்னும் இருக்கும்மா."

"ம்."

"நாலு மாசம் ஆச்சு. அப்பாவோட சிகரெட் வாசனை அப்படியே இருக்கு. ஜன்னலுக்கு டேப் ஒட்டினது நல்லதாப் போச்சு. யார் வந்தாலும் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது. மாமாகிட்டயும் சொல்லிடு."

கேப்டன் தரையைப் பார்த்தாள்.

பல்லுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை. ஊதுபத்திப் புகைக்கே ஒன்பது தடவை தும்முகிறவர். அந்த வீட்டில் சிகரெட் பிடிக்கிறவள் கேப்டன். இரவுப் பேருந்து ஓட்டிய காலத்தில் தூக்கத்தை விரட்டப் பிடித்த பழக்கம். பெண் ஓட்டுநர் என்றாலே ஆயிரம் கண் பார்க்கும், இதுவும் தெரிந்தால் பணிமனையில் வாய்க்கு வாய் அவல் என்று பயந்தாள். விசிலுக்குப் பதினொரு வயதில் வீட்டில் புகை வாசனை தட்டுப்பட்டு, "யாரு?" என்று இடுப்பில் கைவைத்து நின்றபோது பல்லுக்காரர் செதுக்கிக்கொண்டிருந்த தாடையிலிருந்து தலையைத் தூக்காமலே, "நான்தான்" என்றார். அன்றிலிருந்து அவர்தான்.

அவர் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. விசில் குளத்துக்குப் போன பிறகு, இந்த அறையில், ஜன்னலுக்குக்கூட டேப் ஒட்டியிருக்க, நாற்காலியில் உட்கார்ந்து பிடிப்பாள். முதலில் பழக்கத்துக்காக. பிறகு அதற்கு ஒரு சாக்கும் கிடைத்தது: வாசனை குறைந்தால் மகள் அழுவாள். மகளுக்காகவே பிடிக்கிறேன் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்ட ஒரே தாய் உலகத்தில் இவளாகத்தான் இருக்கும்.

"சீக்கிரம் கிளம்பு," என்றாள் விசில். "மாமா வேன் வந்தாச்சு. தெருவுல ஏதோ இடிஞ்சு விழுற சத்தம் கேட்டுச்சு."

---

மாமாவின் வேனில் பின்னால் ஒரு குளிர்பெட்டி எப்போதும் இருக்கும். திருப்பத்தில் அது ஒரு பக்கம் சாயும். வேனும் கூடவே சாயும். உள்ளே இருப்பவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள்.

"எப்படிக்கா இருக்கு? தைரியமா இரு."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு, எனக்குத் தானா தைரியம் வரும்."

காலையிலிருந்து மூன்று தடவை பல் விளக்கியிருந்தாள். ஒரு குடம் தண்ணீர் குடித்திருந்தாள். நேற்று மூன்று மணிக்குப் பிறகு தொடவில்லை. ஒரு நாள் பொழுது போதாதா என்று கணக்கு.

மருத்துவமனையில் செவிலியர் மூடி போட்ட சின்னக் குப்பி ஒன்றைக் கொடுத்தார். "சிறுநீர். எலும்பு வைக்கிற எல்லாருக்கும் இப்ப இந்த டெஸ்ட் உண்டு. நிக்கோட்டின் இருக்கான்னு பார்ப்போம்."

"எங்கம்மாவுக்கு வேண்டாமே," என்றாள் விசில். "சிகரெட் வாசனை வந்தாலே மூஞ்சைத் திருப்பிக்கறவங்க."

"எல்லாருக்கும் உண்டுங்க."

விசில் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மாமா அக்காவின் காதருகே குனிந்தார். அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது மாடிவரைக்கும் கேட்கும்.

"அக்கா, என்னுதைக் குடுக்கட்டுமா?"

"உன்னுதைக் குடுத்தா கால் கூடாது, சர்க்கரையும் கூடவே வரும். சும்மா இரு."

குப்பியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு கழிவறைக்குத் தத்தினாள்.

செவிலியர் திரும்பி வந்து மேஜையில் ஒரு பட்டையை வைத்தார். குச்சி ஐஸ் குச்சி அளவு. "ரெண்டு கோடு வந்தா சுத்தம். ஒரே கோடுன்னா நிக்கோட்டின் இருக்குன்னு அர்த்தம்."

முதல் கோடு சட்டென்று சிவப்பாக வந்தது. விசில் குனிந்து, நீச்சல் போட்டியின் கடைசி மீட்டரைப் பார்ப்பதுபோல் இரண்டாவது கோட்டுக்குக் காத்திருந்தாள். ஐந்து நிமிடம். கடிகாரம் நொண்டி நொண்டி நடந்தது.

இரண்டாவது கோடு வரவில்லை.

---

எலும்பு டாக்டர் மெலிந்த பெண்மணி, மெதுவாகப் பேசுகிறவர். அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மாதிரி எலும்புக்கூடு நின்றது. கேப்டனின் கால் படம் வெளிச்சப் பலகையில் தொங்கியது. தகடு பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே, ஒரு முடியளவு கருப்பு இடைவெளி.

"மேடம், நீங்க புகை பிடிக்கிறீங்களா?"

கேப்டன் வாயைத் திறப்பதற்குள் விசில் முந்திக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். அது எங்கப்பாவோட புகை."

"அப்பா வீட்டுக்குள்ள பிடிப்பாரா?"

"பிடிச்சார். வீடு பூரா. சுவர்லயே ஊறிப் போயிருக்கு. அந்த ரூமை நான் மூடித்தான் வெச்சிருக்கேன், இருந்தாலும் அம்மா நாள் பூரா வீட்டுலயே இருக்காங்க இல்லையா? அதுதான் உடம்புல ஏறியிருக்கும்."

"அப்பாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்."

"அவர் இல்ல. நாலு மாசமாச்சு."

டாக்டர் பேனாவை வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். நிக்கோட்டின் உடம்புல சில நாள்தான் நிக்கும். ஒரு வாரம். ரொம்பப் பிடிக்கறவங்கன்னா இன்னும் கொஞ்சம். சுவர்ல இருக்கற வாசனைக்கு இந்த அளவு காட்டாது. நாலு மாசத்துக்கு முந்தின புகை இந்தக் கோட்டை அழிக்க முடியாது."

விசில் தலையாட்டினாள். புரிந்தது என்றல்ல, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பதுபோல. பிறகு அவள் உதடு மெல்ல அசைந்தது. குளத்தில் சுற்றுகளை எண்ணும்போது அசைவதுபோல. ஒரு வாரம். நாலு மாசம். மூடிய ஜன்னல். குறையாத வாசனை.

மாமா எலும்புக்கூட்டின் விலா எலும்புகளை மிகுந்த அக்கறையோடு எண்ண ஆரம்பித்தார்.

"அம்மா?"

கேப்டன் பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ தடவை பிரேக் பிடிக்காத சரிவில் வண்டியை நிறுத்தியிருக்கிறாள். இதை நிறுத்த அவளிடம் ஒரு மிதியும் இல்லை.

"நான்தான்," என்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை, மேடம்?" டாக்டரின் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஆறு. கால் உடைஞ்சு வீட்டுல உக்காந்தப்புறம் பத்து."

டாக்டர் கோப்பைப் புரட்டி ஒரு படிவத்தை எடுத்தார். முதல் அறுவை சிகிச்சைக்கு முன்னால் நிரப்பியது. "புகைப்பழக்கம் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே."

விசில் அந்தத் தாளைப் பார்த்தாள். 'இல்லை' என்ற சொல். பல் செதுக்குகிற கை எழுதிய எழுத்து. ஒவ்வொரு சுழியும் அளவெடுத்து வைத்ததுபோல. அப்பாவின் எழுத்து.

"எலும்பு கூடறதுக்கு ரத்தம் வேணும்," என்றார் டாக்டர், படத்தின் கருப்பு இடைவெளியைப் பேனாவால் தொட்டு. "நிக்கோட்டின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிடும். புகை ரத்தத்துல இருக்கற ஆக்சிஜனோட இடத்தைப் பிடிச்சுக்கும். இங்க வேலை நடக்கணும், ஆனா சாமான் வந்து சேரல. அப்படித்தான் வெச்சுக்குங்க. இந்த நிலைமையில இடுப்பு எலும்பை எடுத்து வெச்சா அதுவும் வீணாப் போகலாம், புண்ணும் ஆறாம சீழ் பிடிக்கலாம். இடுப்புல இருந்து நல்லா எடுக்கறதுக்கு ரெண்டு பக்கம்தான் இருக்கு. அதுல ஒண்ணைத் தெரிஞ்சே வீணாக்க மாட்டேன்."

"அப்போ அடுத்த வாரம்?" என்றாள் கேப்டன்.

"முடியாது. ஆறு வாரம் ஒண்ணுகூடப் பிடிக்கக் கூடாது. நிக்கோட்டின் சூயிங்கம், தோல்ல ஒட்டற பட்டை, அதுவும் இந்தக் கோட்டை அழிச்சிடும். அது இல்லாம எப்படி விடறதுன்னு எங்க ஆலோசகர் சொல்லுவாங்க. ஆறு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட். ரெண்டு கோடு வந்தா மறுநாளே தேதி தர்றேன்."

"வரலைன்னா?"

"தகடு காலத்துக்கும் தாங்காது, மேடம். எலும்பு கூடற வரைக்கும் பிடிச்சுக்கறதுக்குத்தான் அது. ஏற்கெனவே எட்டு மாசம் தாங்கியிருக்கு."

விசில் அந்தப் படிவத்திலிருந்து தலையைத் தூக்கினாள். இப்போது கேட்டாள். "இதை முதல்லயே சொல்லியிருந்தா கூடியிருக்குமா?"

"சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. வாய்ப்பு நிறைய இருந்திருக்கும்."

---

வேன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மாமா வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். குளிர்பெட்டி அசையாமல் நின்றது.

"அந்தச் சிகரெட் பாக்கெட்," என்றாள் விசில், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "அப்பா ஏப்ரன் பையில நான் கண்டுபிடிச்சது."

"எனக்காக வாங்கிட்டு வந்தது. என்னால கடைக்கு நடக்க முடியல."

"நான் அதைப் பிடுங்கி அவர் கண்ணு முன்னாடி காலால நசுக்கினேன்."

"தெரியும். நான் உள்ள கட்டில்ல இருந்தேன்."

"நீங்க நிறுத்தற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னு சொன்னேன். பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். அவர் மூணு தடவை போன் பண்ணார். எடுக்கல."

"தெரியும்."

"உனக்கு எல்லாம் தெரியும்." அவள் குரல் உயரவே இல்லை. "நாப்பத்திரண்டு நாள்மா. நாப்பத்திரண்டாவது நாள் அவர் போயிட்டாருன்னு மாமா போன் பண்றார்."

பல்லுக்காரர் வேலை மேஜையில், கையில் ஒரு கீழ்த்தாடையோடு, தலை சாய்ந்து இருந்தார். இதயம். சிகரெட்டால்தான் என்று நான்கு மாதமாகச் சொல்லிச் சொல்லி அழுதவள் விசில். அப்போதெல்லாம் கேப்டன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்திருக்கிறாள்.

"நான் சொல்லிடறேன்னு சொன்னேன்டி. அவர்கிட்ட பல தடவை சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

கேப்டன் தொண்டையைச் செருமினாள். "'எங்கிட்ட கோவிச்சுட்டுப் போனா திரும்பி வந்துடுவா. உன்கிட்ட கோவிச்சுக்கிட்டா உன்னைக் குளியலறைக்கு யாரு கூட்டிட்டுப் போவா? கால் கூடட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்'ன்னார்."

கால் கூடவில்லை.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் விசில்.

மாமா வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அவர் போனப்புறம் வாங்கிக் குடுத்தது நான்தான், கண்ணு," என்றார். அவருடைய வாழ்நாளில் அவர் பேசிய மிகச் சின்னக் குரல் அது. பக்கத்து இருக்கைக்கே பாதிதான் கேட்டது.

---

வீட்டுக்குள் நுழைந்ததும் விசில் நேராக வேலை அறைக்குப் போனாள். டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. நீளமாக, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஜன்னல் திறந்தது. தெருவின் காற்று உள்ளே வந்து, நான்கு மாதமாக அவள் அணைத்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் வெளியே எடுத்துப் போனது.

கேப்டன் ஊன்றுகோலில் வாசலில் நின்றாள்.

விசில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்தாள். முகத்தை அதில் புதைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"சோப்பு வாசனை," என்றாள் கடைசியில்.

"என்ன?"

"இதுல பிளாஸ்டர் மாவும் மெழுகும் மணந்துச்சு. அப்ப இது பூரா அவர்தான் இருந்தார். இது வெறும் வேலை அழுக்கு, அந்தப் புகைதான் அப்பான்னு நினைச்சு, முதல் வாரமே நான்தான் இதைத் துவைச்சேன். ரெண்டு தடவை அலசினேன்."

நானூறு வாய்கள் சிரித்துக்கொண்டிருந்தன. கேப்டன் ஒரு அடி எடுத்து வைத்தாள். விசில் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். தண்ணீருக்குள் குதிக்கப் போகிறவனை நிறுத்துகிற அதே கை.

"எங்க வெச்சிருக்க?"

"மூணாவது தட்டு. மேல்தாடைக்குப் பின்னாடி."

விசில் பாக்கெட்டை எடுத்துத் திறந்து பார்த்தாள். மூடினாள். அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில், தண்ணீர்ச் செம்புக்கு அருகே வைத்தாள்.

"பதினொண்ணு இருக்கு."

"எடுத்துட்டுப் போயிடு. நசுக்கிப் போட்டுடு."

"மாட்டேன். ஒருத்தர்கிட்ட பிடுங்கி நசுக்கினது போதும்." அவள் கழுத்திலிருந்த விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஆறு வாரம்மா. அப்பாவுக்கு நான் குடுத்ததும் அதே ஆறு வாரம்தான். நீ என்ன பண்ணணும்னு உனக்குத் தெரியும். நான் என்ன பண்ணணும்னுதான் எனக்குத் தெரியல."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கேப்டன் கட்டிலில் உட்கார்ந்தாள். சாயங்கால வெளிச்சம் பாக்கெட்டின் மேல் விழுந்தது. கை தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். மறுபடியும் நகர்ந்தது. கைமேல் உட்கார்ந்துகொண்டாள், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவளைப்போல. இடது காலுக்குள் தகடு குளிர்ந்து வலித்தது.

கூடத்தில் ஏதோ இழுபடும் சத்தம். விசிலின் பெட்டிச் சக்கரங்கள். அப்பாவோடு சண்டை போட்டுப் போனபோதும், அவர் போன அன்று திரும்பி வந்தபோதும் உருண்ட அதே சக்கரங்கள்.

பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், சக்கரத்தின் சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவாள். இன்று மூச்சை அடக்கிக் கேட்டும், அந்தப் பெட்டி வாசலுக்குப் போகிறதா, அப்பாவின் அறைக்குப் போகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.